மல்லாட்டைக் கொல்லையில் பெட்ரோமாக்ஸ்

விழுப்புரம், கடலூர் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறவர்களில் சுருள்பூச்சியை அறியாதவர் கிடையாது. ஆனால் அந்தப் பூச்சியைக் காட்டுங்கள் என்றால் பெரும்பாலோர் காட்டுவது அது செய்துவைத்த வேலையைத்தான். பழுப்புத் திட்டு விழுந்த இலை, பக்கத்து இலையோடு நூல்கட்டி ஒட்டிக்கொண்ட இலை, முற்றிப்போனால் அனல் பட்டுக் கருகியதுபோல நிற்கும் கொல்லை. ஒட்டிய இலையைப் பிரித்தால் கருந்தலையும் பச்சை உடம்புமாக ஒரு சின்னப் புழு விறுவிறுவென்று பின்வாங்கும். அதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் புழு கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்து, இருட்டில் இணை தேடி, மறுபடி முட்டையிடப் போகிற பருவம் மட்டும் யார் கண்ணிலும் அகப்படாது. இறக்கையை முழுதாக விரித்தாலும் ஒரு சென்டிமீட்டர்தான் வரும். பகலில் இலைக்கடியில் பதுங்கிக் கிடக்கும். செடியை உலுக்கினால் எழும்பி, நாலு செடி தள்ளிப் போய் மறைந்துவிடும்.

இந்த இத்துனூண்டு அந்துப்பூச்சிக்குப் பெயர் வைக்க ஜெர்மனியிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர், டச்சுக்காரர் ஒருவர், இங்கிலாந்தின் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் என்று நாலு பேர் வெவ்வேறு காலத்தில் முனைந்திருக்கிறார்கள். நாலு பேர் வைத்ததும் ஒரே பூச்சிக்கா, இரண்டு மூன்று பூச்சிகளுக்கா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தென்னிந்தியாவில் சிறு அந்துப்பூச்சிகளை மனிதர்கள் எப்படிப் பார்த்தார்கள், எப்படி இனம் கண்டார்கள் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பூச்சியைக் கிட்டே பார்த்தவர்களிடம் பெயர் இல்லை. பெயர் வைத்தவர்களில் பெரும்பாலோர் பூச்சியை உயிரோடு பார்த்ததில்லை. கதை முழுக்க இந்த இடைவெளிதான்.

பயிரிலிருந்து தொடங்குவது நல்லது. நிலக்கடலை தென்னமெரிக்கச் செடி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென் ஆற்காட்டுச் செம்மண் கொல்லைகளில் அது பரவியதற்குப் புதுச்சேரித் துறைமுகமும் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் முக்கியக் காரணம். கடலை கப்பலேறியது, காசு வந்தது, கம்பும் வரகும் விளைந்த நிலத்தில் கடலை ஏறியது. நூற்றாண்டின் கடைசியில் விளைச்சல் படுத்தபோது அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1905இல் கடலூருக்கு அருகே பாலூரில் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது அந்தக் கவலையில்தான். கடலைச் செடி கடல் கடந்து வந்ததே தவிர, அதன் இலையைச் சுருட்டுகிற பூச்சி கூடவே வரவில்லை. அமெரிக்கக் கண்டங்களில் அது இல்லை. ஆசியாவின் பயறுவகைச் செடிகளில் முன்பே குடியிருந்தது, இவ்வளவு பெரிய விருந்து விரித்ததும் இங்கே மாறிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம்.

கடலைக் கொல்லைக்கு இன்னொரு எதிரியும் உண்டு: சிவப்புக் கம்பளிப்புழு. கோடை மழை பெய்த கையோடு அதன் தாய் அந்துப்பூச்சிகள் மண்ணுக்குள்ளிருந்து கூட்டமாக எழும். வெள்ளை இறக்கையும் பருத்த உடம்புமாக அது விளக்குக்கு வந்தால் வீட்டிலுள்ள குழந்தைகூடச் சொல்லிவிடும். அதனால் ஊர் கூடி வரப்புகளில் தீ மூட்டுவதும் விளக்கு வைப்பதும் பழகிப்போன காரியங்கள். சுருள்பூச்சிக்கு அந்த மரியாதை கிடைக்கத் தாமதமானது. விளக்கைச் சுற்றும் நூறு பூச்சிகளுக்கு நடுவில் பழுப்புத் தூசியாக உட்கார்ந்திருப்பதை யார் தனியாகப் பார்ப்பார்கள்?

படித்த துரைமார்களும் பார்க்கவில்லை. ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ஹாம்ப்சன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்தவர். மலைச்சரிவுகளில் வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் சேர்க்கத் தொடங்கியவருக்குத் தேயிலையைவிட அதுவே பெரிதாகிப்போனது. ஊர் திரும்பி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, 1891இல் நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு நூல், 1893இல் இலங்கை அந்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1892 முதல் 1896 வரை ‘பிரிட்டிஷ் இந்திய விலங்குகள்’ வரிசையில் அந்துப்பூச்சிகளுக்கு மட்டும் நான்கு தொகுதிகள். 5,000 இனங்களுக்கு மேல் விவரித்த அந்தத் தொகுதிகளை இந்தியாவில் அந்துப்பூச்சி பார்க்கிறவர்கள் இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். ஒரு தோட்டக்காரர் தொடங்கிய காரியத்துக்கு இது அசாத்தியமான நீளம். ஆனால் இலை சுருட்டும், இலைக்குள் சுரங்கம் போடும் பொடிப் பூச்சிகளின் குடும்பங்கள் அந்த நான்கு தொகுதிக்குள் வரவில்லை. பெரியதையும் நடுத்தரத்தையும் முடிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

ஹாம்ப்சனுக்கு முன்னால் இலங்கையில் நடந்த ஒரு வேலை தனியாகச் சொல்ல வேண்டியது. ஃபிரெடெரிக் மூர் என்பவர் பெயரில் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலங்கையின் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூல் வெளிவந்தது. 215 வண்ணப் படங்கள். மூர் உட்கார்ந்திருந்தது லண்டனில். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் த்வெய்ட்ஸ் என்ற இயக்குநரின் மேற்பார்வையில், உயிருள்ள புழுவையும் அது தின்னும் இலையையும் முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தவர்கள் வில்லியம் டி அல்விஸ், ஜார்ஜ் டி அல்விஸ் என்ற சிங்களச் சகோதரர்கள். அவர்கள் தந்தை ஹார்மானிஸும் அதே தோட்டத்தில் ஓவியராக இருந்தவர். புழு என்ன நிறம், எந்த இலையில் இருக்கும், கூட்டுப்புழு எப்படித் தொங்கும் என்பதெல்லாம் இந்தக் குடும்பத்தின் தூரிகை வழியாகத்தான் லண்டனுக்குப் போனது. அட்டையில் மூர் பெயர் இருக்கிறது. பூச்சியோடு வாழ்ந்தவர்கள் பேராதனையில் இருந்தார்கள்.

ஹாம்ப்சன் விட்ட இடத்தை நிரப்பியவர் இந்தியப் பக்கமே எட்டிப்பார்க்காத ஒரு பள்ளி ஆசிரியர். எட்வர்ட் மெய்ரிக் இங்கிலாந்தின் மார்ல்பரோ பள்ளியில் 1887 முதல் 1914 வரை கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்தவர். அதற்கு முன் சில ஆண்டுகள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேலை பார்த்தார். அங்கேதான் சிறு அந்துப்பூச்சிப் பித்துத் தலைக்கேறியது. மார்ல்பரோவுக்குத் திரும்பிய பிறகு உலகம் முழுவதிலிருந்தும் அவருக்குப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஊசியில் குத்திய பொடிப் பூச்சிகள். கைக்கண்ணாடியை எடுப்பார், இறக்கை நரம்புகளைப் பார்ப்பார், நாலு வரி லத்தீன் கலந்து எழுதுவார், பெயர் வைப்பார், அடுத்த பூச்சி. இப்படி 14,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தார். 1912 முதல் 1937 வரை ‘அயல்நாட்டுச் சிறு அந்துப்பூச்சிகள்’ என்ற வெளியீட்டைத் தம் கைக்காசில் அச்சடித்தார். 1938இல் இறந்தபோது அவர் சேகரிப்பில் ஒரு லட்சத்துக்கு மேல் பூச்சிகள் இருந்தன.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தியச் சிறு அந்துப்பூச்சிகளைப் பற்றி அவர் தொடராக எழுதினார். அதில் 1906இல் அனகாம்ப்சிஸ் நெர்டேரியா என்ற ஒரு பெயர் வருகிறது. நம் கொல்லைச் சுருள்பூச்சிதான் அது. அந்தக் காலத்து இந்திய வேளாண் நூல்களில் சுருள்பூச்சிக்கு இந்தப் பெயரே நின்றது.

மெய்ரிக்கின் வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. சிறு அந்துப்பூச்சிகளில் பல இனங்கள் இறக்கையைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு அடிவயிற்றின் நுனியில், இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தில் ஒளிந்திருக்கும். லிவர்பூலைச் சேர்ந்த பியர்ஸ் என்பவர் 1909இலேயே ஒரு பெரிய அந்துப்பூச்சிக் குடும்பத்தின் உறுப்புகளை மட்டும் வரைந்து தனி நூல் போட்டார். பிறகு மெட்காஃப் என்ற பாதிரியாரோடு சேர்ந்து, 1935இல் பொடிப் பூச்சிகளுக்கும் ஒன்று. வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். வயிற்றுப் பகுதியைக் கிள்ளியெடுத்து, காரக் கரைசலில் இட்டுச் சூடாக்கினால் சதை கரைந்து கடினமான ஓடு மட்டும் மிஞ்சும். அதை மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்து, கண்ணாடித் துண்டில் விரித்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பூட்டுக்குச் சாவிபோல ஒவ்வோர் இனத்துக்கும் தனி வடிவம். மெய்ரிக் இதை ஏற்கவே இல்லை. பூச்சியை அறுக்காமல் கைக்கண்ணாடியில் தெரிகிறதுதான் அடையாளம் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். அவர் இறந்த பிறகு கிளார்க் என்ற அமெரிக்கர் லண்டனில் உட்கார்ந்து மெய்ரிக் பெயர் வைத்த மூலப் பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படம் போட்டு எட்டுத் தொகுதிகள் கொண்டுவந்தார். 1955இல் தொடங்கிய அந்த வேலை முடிய 1970 ஆயிற்று. பெயர் வைக்க ஒரு நிமிடம், அதைச் சரிபார்க்க ஒரு தலைமுறை.

இனி கோயம்புத்தூர். சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906இல் அங்கே இடம் மாறியது. அங்கே சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் பெயின்பிரிக் ஃபிளெட்சர். கடற்படையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். 1905இல் ‘சீலார்க்’ கப்பல் இந்தியப் பெருங்கடலில் ஆராய்ச்சிக்குப் போனபோது அதில் இருந்தார். கப்பல் கணக்கைப் பார்த்த கையோடு, இறக்கை பறவை இறகுபோலப் பிளந்திருக்கும் இறகு அந்துப்பூச்சிகளைச் சேர்த்து, 1909இல் இலங்கையின் இறகு அந்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். துவரைக் காயைத் துளைக்கும் பச்சைப் புழுவைப் பிரித்துப் பார்த்த விவசாயிகள் இந்தக் குடும்பத்தின் ஒரு பூச்சியை அறிந்திருப்பார்கள்.

1914இல் சென்னை அரசு அச்சகம் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூலை வெளியிட்டது. அதில் மெய்ரிக்கின் பெயர்கள் நிறைய உண்டு. மார்ல்பரோவில் கிடைக்காத விஷயம் அதைவிட நிறைய உண்டு. எந்தச் செடி, எந்த மாதம், முட்டை எங்கே, புழு எத்தனை நாள் என்று. கோயம்புத்தூரிலும் பிறகு பீகாரில் பூசாவிலும் நடந்த வேலை இதுதான்: தாக்கப்பட்ட இலையோடு புழுவைக் கொண்டுவந்து, வாயில் மெல்லிய துணி கட்டிய கண்ணாடிக் குடுவையில் விட்டு, தினமும் புது இலை போட்டு, அந்துப்பூச்சி வெளிவரும்வரை காத்திருப்பது. வெளிவந்த பூச்சியில் சில மார்ல்பரோவுக்குப் போகும், பெயரோடு கடிதம் திரும்பும். இந்தக் குறிப்புகளைத் தொகுத்து 1920இல் சிறு அந்துப்பூச்சிகளின் வாழ்க்கையைப் பற்றி ஃபிளெட்சர் தனியாக ஒரு நூல் போட்டார். அவருக்குப் பின் கோயம்புத்தூர்ப் பூச்சியியலைத் தூக்கி நிறுத்திய டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் 1940ஆம் ஆண்டுக் கையேட்டைத் தென்னிந்திய வேளாண் மாணவர்கள் பல தலைமுறை படித்தார்கள்.

புழுவை வளர்த்துப் பார்த்ததில் தெரிந்த சுருள்பூச்சியின் வாழ்க்கை இப்படி. இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக முட்டை. மூன்று நான்கு நாளில் பொரித்த புழு நேரே இலையின் தோலுக்குள் புகுந்துவிடும். மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் இடையில் பச்சையைத் தின்றபடி சுரங்கம் போடும். இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் பழுப்புத் திட்டுக்குள் புழுவின் நிழல் தெரியும். உடம்பு பெருத்து இடம் போதாமல் போனதும் வெளியே வந்து, இலைகளை நூலால் இழுத்து ஒட்டி, அந்த மறைவுக்குள் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் அந்துப்பூச்சி வரை சூட்டைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரம். ஒரு பட்டத்துக்குள் பல தலைமுறை. மழை தள்ளிப்போய்க் கொல்லை காய்ந்தால் பெருகும். நல்ல மழை இறங்கினால் அடங்கும்.

மெய்ரிக்குக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இரவுக்கு வருவோம். ஊர்களில் அகல், சிம்னி, அரிக்கேன் என்று போய்க்கொண்டிருந்த வெளிச்சத்தில் பெரிய தாவல் பெட்ரோமாக்ஸ். 1910 வாக்கில் பெர்லினில் எஹ்ரிஷ் அண்டு கிரெட்ஸ் கம்பெனி கொண்டுவந்த விளக்கு. கல்யாணம், கூத்து, கோவில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் வாடகைக்கு வந்தது. கவுண்டமணி, செந்தில் புண்ணியத்தில் மேண்டில் என்ற சொல் இன்றைய தலைமுறைக்கும் தெரியும். ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்தது 1984இல். படம் பார்த்தவர்கள் அந்த மேண்டில் எவ்வளவு லேசில் உதிரும் என்பதை மறந்திருக்க மாட்டார்கள். உதிரும் அந்தச் சாம்பல் வலை பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு, நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம். ஆஸ்திரியாவின் அவுவர் ஃபன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த கலவை. அந்தத் தோரியத்துக்காக உலகம் தேடிக்கொண்டிருந்தபோது, 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், கப்பலில் வந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணல் திருவிதாங்கூர்க் கடற்கரையினுடையது. தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அதே மணவாளக்குறிச்சிதான். தென் ஆற்காட்டுக் கொல்லையில் எரிந்த ஏதோ ஒரு மேண்டிலில் குமரிக் கடற்கரை மணலும் இருந்திருக்கலாம் என்று நினைத்தால் விநோதமாகத்தான் இருக்கிறது.

அந்த வெள்ளை வெளிச்சம் சுருள்பூச்சிக்குப் பிடித்தது. வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் கடலைக்குச் சொல்லும் பரிந்துரையில் இது நெடுநாளாக இருக்கிறது: இரவு 8 மணியிலிருந்து 11 மணி வரை விளக்குப்பொறி வையுங்கள், தரையை ஒட்டி வையுங்கள். தரையை ஒட்டி என்பதுதான் விஷயம். இந்தப் பூச்சி செடியின் உயரத்தைத் தாண்டி அதிகம் எழும்பாது. நெல் வயலில் உயரமாக வைக்கிற பொறியைக் கடலைக்கு அப்படியே தூக்கி வைத்தால் பாதி பூச்சி கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக இல்லை. கொல்லையில் குனிந்து உட்கார்ந்து பார்த்த யாரோ ஒருவர்.

குனிந்து பார்த்தால் என்ன தெரியும்? வெள்ளைத் துணி விரித்து, நடுவில் விளக்கு வைத்து, ஒரு கைக்கண்ணாடியோ இன்றைய செல்போன் கேமராவோ இருந்தால் போதும். துணியின் ஓரத்தில், வெளிச்சத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரும்பழுப்பு நிறத்தில் ஒடுங்கிய பூச்சி. முன்னிறக்கை இரண்டையும் முதுகின்மேல் கூரையாக மடித்திருக்கும். முன் விளிம்பில், இறக்கை நுனியை நோக்கி முக்கால் தூரம் போனால் ஒரு வெளிர்ப் புள்ளி. முகத்தில் இரண்டு உணர்நீட்சிகள் மேல்நோக்கி வளைந்து கொம்பாக நிற்கும். சுருள்பூச்சியின் குடும்பத்தில் பொதுவாகக் காணும் அடையாளம் அது. பின்னிறக்கை தெரிய வேண்டுமானால் பூச்சி ஒருதரம் சிலிர்க்க வேண்டும்: சாம்பல் நிறம், விளிம்பைச் சுற்றி நீண்ட மயிர்ச்சரம். வெளிர்ப் புள்ளி, கொம்பு, மயிர்ச்சரம் மூன்றும் பொருந்தி, சுற்றிலும் கடலைக் கொல்லையும் இருந்தால் சுருள்பூச்சி என்று சொல்லிவிடலாம். கொல்லை இல்லாமல், ஏதோ ஒரு நகரத்து மொட்டைமாடித் துணியில் இதே பூச்சி வந்து உட்கார்ந்தால் விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லத் தயங்குவார்கள். செதிள் தேய்ந்த பூச்சி என்றால் பேச்சே இல்லை. அங்கே பியர்ஸின் காரக் கரைசலைத் தவிர வேறு வழி கிடையாது.

விளக்குக்கு ஏன் வருகிறது என்ற கேள்விக்குப் பல காலம் சொல்லப்பட்ட பதில், நிலவை வைத்து வழி பார்க்கிற பூச்சி விளக்கை நிலவென்று நம்பி ஏமாறுகிறது என்பது. 2024 தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வில் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சாமுவேல் ஃபேபியனும், இந்தியரான யஷ் சோந்தி உள்ளிட்ட கூட்டாளிகளும் அதிவேகக் கேமராவில் பூச்சிகளைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். பறக்கும் பூச்சி வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்புகிறது. வானம்தான் வெளிச்சமான பக்கம் என்பது கோடிக்கணக்கான ஆண்டுப் பழக்கம். முதுகு மேலே இருந்தால் உடம்பு நேராக இருக்கும். பக்கவாட்டில் விளக்கு இருந்தால் முதுகு அந்தப் பக்கம் சாய்ந்து பறப்பு வட்டமாகிறது. விளக்கு கீழே இருந்தால் பூச்சி தலைகுப்புறக் கவிழ்கிறது. ஆசையும் இல்லை, காதலும் இல்லை. நம் கவிஞர்கள் விட்டிலைப் பற்றிக் கட்டிய மாளிகைகள் எல்லாம் இனி கவிதைக்கு மட்டுமே ஆகும்.

பொறியில் விழுந்ததை எண்ணிப் பார்க்கும் கணக்கு இங்கிலாந்தில் வளர்ந்தது. ரோதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் சி.பி. வில்லியம்ஸ் 1930களில் ஒரு விளக்குப்பொறியை இரவு தவறாமல் எரியவிட்டார். நான்கு ஆண்டில் 15,609 அந்துப்பூச்சிகள், 240 இனங்கள். மலாயாவில் கார்பெட் சேர்த்த வண்ணத்துப்பூச்சிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து, புள்ளியியல் மேதை ஃபிஷரோடு மூவருமாக 1943இல் எழுதிய கட்டுரை, ஓர் இடத்தில் எத்தனை இனம் இருக்கும் என்று மதிப்பிடும் கணிதத்துக்கு அடிக்கல். 1950இல் ராபின்சன் சகோதரர்கள் பாதரச ஆவி விளக்கை வைத்துச் செய்த பொறி வந்தபின் பிடிபடும் எண்ணிக்கை பல மடங்கானது. ஆனால் ரோதம்ஸ்டெட் கணக்கிலும் இடம்பெற்றவை பெரிய அந்துப்பூச்சிகள்தான். பொடிப் பூச்சிகளைப் பொறியில் விழுந்தும் எண்ணவில்லை. எண்ண வேண்டுமென்றால் இனம் காண வேண்டுமே.

சுருள்பூச்சியின் பெயர் வழக்குக்குத் திரும்பினால், முதல் பெயர் வைத்தவர் ஸெல்லர், 1852இல். இவரும் பள்ளி ஆசிரியர்தான், பிரஷ்யாவில். அவர் கையில் கிடைத்த பூச்சி தென்னாப்பிரிக்காவிலிருந்து ஸ்வீடன்காரர் வால்பர்க் சேர்த்துவந்தது. அந்த வால்பர்க் 1856இல் யானை மிதித்து இறந்துபோனார். 1864இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வாக்கர் ஓர் ஆஸ்திரேலியப் பூச்சிக்குச் சிம்ப்ளெக்ஸெல்லா என்று பெயர் வைத்தார். ஆயிரக்கணக்கில் அவசரப் பெயர்கள் சூட்டியவர்; அவர் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்பே அவரைத் திட்டியது என்றால் பார்த்துக்கொள்ளலாம். 1904இல் ஜாவாவிலிருந்து ஃபன் டெவென்டர் மோடிசெல்லா என்றார். 1906இல் மெய்ரிக்.

மெய்ரிக் பெயர் பிற்பாடு பின்னுக்குப் போனது. ஸெல்லரின் பெயரான ஸ்டோமாப்டெரிக்ஸ் சப்செசிவெல்லா இந்தியப் பாடநூல்களில் பல காலம் ஓடியது. பிறகு இல்லை, இந்தியப் பூச்சி ஜாவாப் பூச்சிதான் என்று அப்ரொயரிமா மோடிசெல்லா வந்தது. நடுவில் ஆப்பிரிக்காவில் ஒரு புதிர். 1998இல் உகாண்டாவிலும் அடுத்த சில ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலும் கடலைச் செடிகளைச் சுருள்பூச்சி அடித்தது. அதற்கு முன் அங்கே அது பயிர்ப்பூச்சியாக அறியப்படவில்லை. ஆசியாவிலிருந்து வந்த புதுப்பூச்சி என்றார்கள். அப்படியானால் ஸெல்லருக்கு 1852இல் அதே நாட்டிலிருந்து வந்தது எது? 2012இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் தங்கள் பூச்சியின் மரபணுவை ஒப்பிட்டு, ஆஸ்திரேலியாவின் சோயாப் பூச்சியோடு, அதாவது வாக்கரின் சிம்ப்ளெக்ஸெல்லாவோடு ஒத்துப்போகிறது என்று எழுதினார்கள். நாலும் ஒன்றே, மூத்த பெயரான ஸெல்லருடையதே செல்லும் என்போரும் இருக்கிறார்கள்.

இந்த மரபணுச் சோதனை முறைக்கும் விளக்கடிப் பூச்சிகளோடு உறவு உண்டு. 2003இல் கனடாவின் குவெல்ஃபில் பால் ஹெபர்ட், ஒரே ஒரு மரபணுத் துண்டை வைத்து இனம் காணலாம் என்று காட்டியபோது அவர் சோதித்தவை அந்த ஊரைச் சுற்றிச் சேர்த்த 200 இன அந்துப்பூச்சிகள்.

கொல்லையில் நிற்பவருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு அவசரமில்லை. அவருக்குப் பயன்பட்டது வேறொன்று. 1990களின் தொடக்கத்தில் ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்து ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் வேதியியலாளர்களும் சேர்ந்து, பெண் சுருள்பூச்சி இருட்டில் விடும் வாசனையைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார்கள். அந்த வாசனை ஏற்றிய இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சி மட்டும் வந்து விழும். விளக்கு எல்லோரையும் அழைக்கும். வாசனை தன் இனத்தை மட்டும் அழைக்கும். நாலு அறிஞர்கள் ஒன்றரை நூற்றாண்டாகத் தகராறு செய்கிற அடையாளத்தை ஓர் ஆண் பூச்சி மைல்கணக்கில் காகிதம் புரட்டாமல், கும்மிருட்டில், மீசையால் முடித்துவிடுகிறது.

மெய்ரிக்கின் இன்னொரு பூச்சி அண்மையில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்ததையும் சொல்லாமல் விட முடியாது. பெருவின் ஆண்டிஸ் மலையில் ஹுவான்காயோவிலிருந்து வந்த ஒரு சாம்பல் நிறப் பொடிப் பூச்சிக்கு 1917இல் அவர் ஃப்தோரிமியா அப்சொலூட்டா என்று பெயர் வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் தென்னமெரிக்கத் தக்காளியைச் சூறையாடி, 2006இல் ஸ்பெயினில் இறங்கி, 2014இல் புனே பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் தென்பட்டது. ஓரிரு ஆண்டில் தமிழ்நாட்டுத் தக்காளியிலும் இருந்தது. இலையில் சுரங்கம், காயில் துளை. இதே குடும்பத்து உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி நூறு ஆண்டுக்கு முன்பே, இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு பம்பாய் வழியாக நுழைந்துவிட்டது. இரண்டையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். அதனால் சந்தேகம் வந்த தோட்டத்துப் பூச்சியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே இன்றும் வயிற்றைக் கிள்ளிக் காரத்தில் போட்டுத்தான் பார்க்கிறார்கள்.

அதன் பெயரும் சும்மா இருக்கவில்லை. 1962இல் ஒரு பேரினத்துக்கு, 1964இல் இன்னொன்றுக்கு, 1987இல் மற்றொன்றுக்கு, 1994இல் டூட்டாவுக்கு என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். உலகமே டூட்டா என்று பழகிய பிறகு, 2021இல் இரண்டு ஆய்வாளர்கள் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்து மறுபடி ஃப்தோரிமியாவிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கைக்கண்ணாடி வாத்தியார் 1917இல் போட்ட பேரினம் அதுதான். உரக்கடைகளில் விற்கும் இனக்கவர்ச்சிப் பொறியின் உறையில் மட்டும் இன்னும் டூட்டா என்றே அச்சாகிறது.